ரிங் பூஜ்ஜியத்தில் காவல்

வங்கிச் செயலிக்குப் பாதுகாப்பு எழுதுகிறவருக்கு எதிரி வெளியில் இருக்கிறான். கணினியின் சொந்தக்காரர் நம் பக்கம். அவருடைய பணத்தைத்தான் காப்பாற்றுகிறோம் என்பது அவருக்கும் தெரியும். இணைய விளையாட்டுகளுக்கு ஏமாற்றைத் தடுக்கும் ஆன்டிசீட் எழுதுகிறவரின் நிலைமை நேர் எதிர். இங்கே கணினியின் சொந்தக்காரரே காசு கொடுத்து ஏமாற்று மென்பொருளை வாங்குகிறார். அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லைத் தானே தட்டுகிறார், ஆன்டிவைரஸைத் தானே அணைக்கிறார், தன் கையாலேயே அதை உள்ளே விடுகிறார். அந்தக் கணினியில் அவரால் செய்ய முடியாதது எதுவும் இல்லை. நாம் அங்கே ஓடும் இன்னொரு நிரல், அவ்வளவுதான். கணினிப் பாதுகாப்பில் இவ்வளவு சாதகமற்ற இடத்திலிருந்து தொடங்கும் வேலை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் இதற்கு வந்தது ஆன்டிவைரஸ் வழியாக. சென்னையில் ஒரு நிறுவனத்தில் விண்டோஸுக்கு டிரைவர் எழுதும் குழுவில் சேர்ந்தேன். இயங்குதளத்தின் மையமான கெர்னல் வேறு உலகம் என்று அங்கேதான் புரிந்தது. இரண்டு கணினிகளைக் கேபிளால் இணைத்து, ஒன்றில் டிரைவரை ஓடவிட்டு, மற்றதில் விண்டிபக் என்ற பிழைதேடும் கருவியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பார்த்துக் கற்ற வேலை. அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் பிறகு ஒரு விளையாட்டுப் பாதுகாப்புக் குழு என்னை எடுத்துக்கொண்டது.

எதைக் காக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிராளி உங்கள் திரையில் தெரியமாட்டார். ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்று உங்கள் கணினிக்குத் தெரியும். அவர் சுவரைத் தாண்டும் கணத்திலேயே அவரை வரைந்தாக வேண்டும். அந்த நேரத்தில் சர்வரிடம் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. அதனால் அவருடைய இருப்பிடம் முன்கூட்டியே வந்து மெமரியில் உட்கார்ந்திருக்கும். நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள், பொதுவாக ஒவ்வொன்றும் 4 பைட். ஆக 12 பைட். அதை வேறொரு நிரல் படித்துத் திரையில் காட்டினால் வால்ஹேக். அதை நோக்கித் துப்பாக்கிமுனையைத் தானாகத் திருப்பினால் எய்ம்பாட். எங்கள் வேலையில் பெரும்பகுதி இந்த 12 பைட்டை வேறு யாரும் படிக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

விளையாட்டுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுண்டர் ஸ்ட்ரைக் ஆசியப் போட்டியை அவர்களுக்குச் சொல்வேன். ஆட்டத்தின் நடுவே ஓர் இந்திய அணி வீரரின் கணினியைச் சோதிக்க நடுவர்கள் வந்தார்கள். அவர் அவசர அவசரமாக ஒரு ஃபைலை மறைக்கப் பார்த்தார். அதன் பெயர் 'வேர்ட் டாட் இஎக்ஸ்இ'. எய்ம்பாட்டுக்கு வைத்த மாற்றுப் பெயர். அணி கலைக்கப்பட்டது, அவருக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ராத்திரி பகலாகப் பயிற்சி செய்து நேர்மையாக ஆடிய எத்தனையோ இந்தியப் பிள்ளைகளை, அதன்பிறகு வெளிநாட்டு சர்வர்களில் நன்றாக ஆடிவிட்டாலே, இந்த ஃபைல் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். ஏமாற்றுகிறவன் ஓர் ஆட்டத்தை மட்டும் கெடுப்பதில்லை. நன்றாக ஆடுகிறவன் மேல் இருக்க வேண்டிய நம்பிக்கையையும் சேர்த்தே திருடுகிறான். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்கு இதுதான் காரணம்.

கெர்னலுக்குப் போகும் முன், மேல்மட்டத்தில் என்ன செய்கிறோம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஏமாற்று மென்பொருள் எழுதுகிறவர் முதலில் நம் விளையாட்டைப் பிரித்துப் படிப்பார். அதற்கு ஐடா ப்ரோ என்ற கருவி பல ஆண்டுகளாக இருக்கிறது. அமெரிக்க என்எஸ்ஏ 2019-இல் கீட்ரா என்ற கருவியை இலவசமாகவே வெளியிட்டது. ஆகவே படிக்கவே முடியாமல் செய்வது நடக்காத காரியம். படிக்க அதிக நேரம் பிடிக்கும்படி செய்யலாம். முக்கியமான சில ஃபங்ஷன்களைச் சாதாரண பிராசஸர் கட்டளைகளிலிருந்து, நாமே உருவாக்கிய ஒரு கற்பனை பிராசஸரின் கட்டளைகளுக்கு மாற்றிவிடுவோம். படிக்கிறவர் முதலில் அந்தப் பிராசஸரைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் இப்படி மாற்றியது பல மடங்கு மெதுவாக ஓடும். நொடிக்கு 144 ஃபிரேம் வரையும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏழு மில்லி நொடிக்கும் குறைவு. அதில் கை வைத்தால் ஆட்டமே தடுமாறும். அதனால் சோதனை செய்யும் பகுதி, சாவிகளைக் கையாளும் பகுதி என்று பொறுக்கித்தான் மூட முடியும்.

நம் நிரலை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று அறிய, அதன் பைட்டுகளுக்கு ஹாஷ் என்ற கைரேகை எடுத்து ஒப்பிடுவோம். எதிர்த்தரப்பு பைட்டைத் தொடாமலே வேலையை முடிக்கும். இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் பிழை தேடுவதற்கென்று நான்கு முகவரிகளைக் குறித்துவைக்கும் பதிவேடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் நம் ஃபங்ஷனின் முகவரியை எழுதிவிட்டால், அந்த இடம் வந்ததும் கட்டுப்பாடு அவர்கள் கைக்குப் போய்விடும். ஹாஷ் சுத்தமாக இருக்கும். ஆகவே ஹாஷைப் பார்த்தால் போதாது, அந்தப் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். இப்படியே இது நீளும். இதற்கெல்லாம் மேலாக நான் மதிக்கும் தந்திரம் எளிமையானது: ஒவ்வொரு பேட்சிலும் தரவுகளின் வரிசையைக் கலைத்து, இருப்பிட எண்களை மறைக்கும் முறையையும் மாற்றிவிடுவது. ஏமாற்று மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்கிறவர் எந்தத் தரவு எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்ற ஆஃப்செட்டை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். அவருடைய கடை மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் நேர்மையாக ஆடுகிறவருக்குக் கிடைத்த நாள்.

இவ்வளவும் இருந்தும் கெர்னலுக்குள் ஏன் போனோம்? ஏமாற்று மென்பொருள் எழுதுகிறவர்கள் முதலில் போனார்கள், அதனால்தான். பிராசஸரில் அதிகார அடுக்குகள் உண்டு. விண்டோஸ் அவற்றில் இரண்டை மட்டும் பயன்படுத்துகிறது. சாதாரண நிரல்கள் எல்லாம் ரிங் 3-இல். கெர்னலும் டிரைவர்களும் ரிங் 0-இல். ரிங் 3-இல் நாங்களும் அவர்களும் சமம். ஏமாற்று மென்பொருள் ஒரு டிரைவரை ஏற்றிவிட்டால் சமநிலை போய்விடும். என் விளையாட்டின் மெமரியை யார் திறந்திருக்கிறார்கள் என்று விண்டோஸிடம் கேட்டால், அந்தப் பதிலையே அவர்கள் வழியில் மறித்து மாற்றிவிடலாம். மேலே நின்றுகொண்டு எத்தனை சோதனை போட்டாலும் எல்லாம் அவர்கள் காட்டும் படத்தைப் பார்ப்பதுதான்.

கீழே இறங்கினால் சில வேலைகள் உண்மையிலேயே எளிதாகின்றன. ஒரு நிரல் இன்னொன்றின் மெமரியைப் படிக்க வேண்டுமானால் அதன் மீது ஹேண்டில் என்ற பிடி ஒன்றை வாங்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட டிரைவர்களை விண்டோஸ் முதலில் கூப்பிடும். மைக்ரோசாஃப்டே ஆவணப்படுத்தித் தந்திருக்கும் வழி இது. எங்கள் டிரைவர் அந்தக் கோரிக்கையில் படிக்கும் உரிமை, எழுதும் உரிமை ஆகிய பிட்டுகளை மட்டும் அணைத்துவிட்டுத் திருப்பி அனுப்பும். கேட்டவருக்கு ஹேண்டில் கிடைக்கும். படிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வரும்.

அவர்களுடைய டிரைவர் எப்படி உள்ளே வருகிறது என்பதுதான் கதையின் கெட்ட பகுதி. 64 பிட் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து கையொப்பம் இல்லாத டிரைவர் ஏறாது. 2016-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமே வேண்டும். அதனால் அவர்கள் கையொப்பம் உள்ள, ஆனால் ஓட்டை உள்ள வேறொரு நிறுவனத்தின் டிரைவரைத் தேடுகிறார்கள். அடையாள அட்டை வைத்திருக்கும் ஒருவரின் தோளில் கை போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைவது போல, அந்த டிரைவரின் ஓட்டை வழியாகத் தங்கள் நிரலைக் கெர்னல் மெமரிக்குள் நேரடியாக எழுதிவிடுகிறார்கள். இன்டெல்லின் ஒரு பழைய நெட்வொர்க் டிரைவர் இதற்குப் பேர்போனது. அதன் ஓட்டை 2015-இலேயே பதிவாகிவிட்டது, இன்றும் பயன்படுத்துகிறார்கள். கீபோர்டுக்கு வண்ண விளக்கு எரிய வைக்கும் மென்பொருள், பிராசஸரின் வெப்பம் காட்டும் மென்பொருள் ஆகியவற்றோடு வரும் டிரைவர்கள் பலவும் இப்படிப்பட்டவை. ஒரு விளக்கின் நிறத்தை மாற்ற, கணினியின் மொத்த மெமரியையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள்.

இதில் நம் பக்கமும் சுத்தமில்லை. 2016 செப்டம்பரில் கேப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 விளையாட்டுக்கு ஏமாற்றைத் தடுக்க என்று ஒரு டிரைவரை அனுப்பியது. எந்த நிரல் கேட்டாலும், பிராசஸரின் ஒரு பாதுகாப்பை அணைத்து, அது தரும் கட்டளைகளை ரிங் 0-இல் ஓட்டிக் கொடுக்கும் டிரைவர் அது. உடனே திரும்பப் பெற்றார்கள். ஆனால் கையொப்பமிட்ட ஃபைல் ஒருமுறை உலகத்துக்குப் போய்விட்டால் திரும்பாது. ஏமாற்று மென்பொருள் எழுதுகிறவர்கள் பல ஆண்டுகள் அதைப் பாடநூல் மாதிரி பயன்படுத்தினார்கள்.

இப்படி ஏற்றப்பட்ட டிரைவரைத் தேடும் வேலை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து காட்டுகிறேன். முறையாக ஏறும் டிரைவர் விண்டோஸின் பட்டியலில் இருக்கும். பெயர், தொடக்க முகவரி, நீளம் எல்லாம் உண்டு. திருட்டுத்தனமாக எழுதப்பட்டதற்கு இது எதுவும் கிடையாது. மெமரியில் எங்கோ ஒரு மூலையில் பெயரில்லாமல் கிடக்கும். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் பிராசஸரில் ஓடியாக வேண்டும். அந்த ஓடும் கணத்தில்தான் பிடிக்க வேண்டும்.

பிராசஸருக்கு மறுக்க முடியாத ஒரு குறுக்கீடு உண்டு. சாதாரணக் குறுக்கீடுகளை ஒரு டிரைவர் தற்காலிகமாகத் தடுத்துவைக்கலாம், இதை அப்படித் தடுக்க முடியாது. எங்கள் டிரைவர் எதிர்பாராத நேரங்களில் ஒவ்வொரு கோருக்கும் இந்தக் குறுக்கீட்டை அனுப்பும். குறுக்கிட்ட கணத்தில் அந்தக் கோர் எந்த முகவரியில் நின்றது என்று குறித்துக்கொள்ளும். அந்த முகவரி பட்டியலில் உள்ள ஏதாவது டிரைவருக்குள் விழுந்தால் சரி. விழவில்லை என்றால் விசாரிக்க வேண்டியது.

ஒரு மாலை, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, இந்த அட்ரஸ் எந்த டிரைவருக்குள்ளயும் வரல. ஆனா இங்க என்னமோ ஓடுது." ஒரு கணினியின் பதிவு மட்டும் என்றால் அதை ஒதுக்கிவைத்திருப்போம். அவர் கையில் வேறு வேறு ஊர்களின் பதிவுகள் இருந்தன. முகவரிகள் வெவ்வேறு. ஆனால் ஒரு மெமரிப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்பது எல்லாவற்றிலும் ஒன்றே. ஆக ஒரே நிரல் பல கணினிகளில் இருக்கிறது.

அடுத்து, விண்டோஸ் இறக்கிவிட்ட டிரைவர்களின் பட்டியலைப் பார்த்தோம். கடைசியாக இறங்கிய 50 டிரைவர்களின் பெயர்களை விண்டோஸ், திரை நீலமாகி நின்றால் காரணம் தேட உதவும் என்று வைத்திருக்கும். ஓட்டை டிரைவரை ஏற்றி, வேலை முடிந்ததும் இறக்கியிருந்தால் அதன் பெயர் அங்கே இருக்க வேண்டும். இல்லை. ஆனால் வரிசையில் ஒரு பெயர் மட்டும் வெறுமையாக இருந்தது, அதற்கு முன்னும் பின்னும் ஒழுங்கான பெயர்கள். விண்டோஸ் தானாக அப்படி நடுவில் வெற்றிடம் விடுவதில்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள். பெயரை விட்டுவைத்திருந்தால் 'விளக்கு மென்பொருள்தான்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். துடைத்ததால் அந்த வாய்ப்பும் போனது.

அவர் கேட்டார்: "அப்ப இப்பவே பேன் பண்ணிடலாமே அண்ணா?" வேண்டாம் என்றேன். அன்றைக்கே தடை விதித்தால், முந்தைய நாள் தான் செய்த எந்த மாற்றம் காட்டிக்கொடுத்தது என்று விற்பனையாளர் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். குறித்துவைத்துக்கொண்டே போய், வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு எல்லாரையும் ஒரே நாளில் தடை செய்தால் எதனால் மாட்டினோம் என்று அவருக்குத் தெரியாது. ஆடுகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும். கண்ணெதிரே ஒருவன் ஏமாற்றுகிறான், புகார் கொடுத்தும் மறுநாள் அவன் அங்கேயே இருக்கிறான். இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஓர் அறிகுறியை வைத்து யாரையும் தடை செய்யக்கூடாது. பட்டியலில் இல்லாத முகவரியில் நிரல் ஓடுவதற்கு நேர்மையான காரணங்களும் உண்டு. சில ஆன்டிவைரஸ்களும் பதிப்புரிமைப் பூட்டுகளும் அப்படி நடந்துகொள்ளும். வெவ்வேறு வழியில் வந்த சான்றுகள் ஒரே பக்கம் காட்டினால்தான் ஒருவருடைய கணக்கை மூட எங்களுக்கு உரிமை உண்டு.

பிடிப்பதைப் பற்றிப் பேசினால் எல்லாரும் ஆர்வமாகக் கேட்பார்கள். என் வேலை நேரத்தில் பெரும்பகுதி போவது அதில் இல்லை. எங்கள் டிரைவர் யாருடைய கணினியையும் விழவைக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் போகிறது. மேலே ஓடும் நிரலில் பிழை வந்தால் அந்த நிரல் மட்டும் மூடும். கெர்னலில் ஒரு தவறான முகவரியைத் தொட்டால் மொத்தக் கணினியும் நீலத்திரையோடு நிற்கும். அங்கே ஒரு த்ரெட்டுக்குக் கிடைக்கும் ஸ்டாக் என்ற தற்காலிக மெமரி 24 கிலோபைட்தான்; மேலே சாதாரணமாக 1 மெகாபைட் கிடைக்கும். சில நிலைகளில் டிஸ்க்குக்கு நகர்த்தப்பட்டிருக்கக்கூடிய மெமரியைத் தொடவே கூடாது. மேலிருந்து வரும் எந்த எண்ணையும் இரண்டு முறை படிக்கக் கூடாது, முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே மாற்றிவிடுவார்கள்.

ஒருமுறை சென்னையில் ஒரு கேமிங் கடைக்காரரிடமிருந்து புகார் வந்தது. அவருடைய கணினிகள் எல்லாம் எங்கள் விளையாட்டைத் திறந்த சிறிது நேரத்தில் விழுகின்றன. நேரிலேயே போனேன். "தம்பி, என் கடையில எந்த கேமும் இப்படி நின்னதில்ல. உங்களோடது போட்ட அப்புறம்தான் இது. பசங்க காசு கொடுத்து உட்கார்றாங்க, பாதியில நின்னா நான்தான் திருப்பிக் கொடுக்கணும்" என்றார். கோபத்தில் நியாயம் இருந்தது. கணினி விழும்போது பதிவாகும் டம்ப் ஃபைல்களை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தோம். ஸ்டாக் நிரம்பி வழிந்திருந்தது. இப்படிப்பட்ட கடைகளில் கணினியை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பும்படி ஒரு மென்பொருள் போட்டிருப்பார்கள். அது டிஸ்க்குக்கு மேலே ஒரு டிரைவராக உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே ஆன்டிவைரஸின் டிரைவர். ஒரு ஃபைலைப் படிக்கும் கோரிக்கை இவர்கள் ஒவ்வொருவரையும் தாண்டிக் கீழே போகும்போது ஒவ்வொருவரும் ஸ்டாக்கில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். அந்த மீட்பு மென்பொருள் மட்டும் தன் பங்குக்குப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. விளையாட்டு ஒரு டிஎல்எல்லை ஏற்றும்போது நாங்கள் அந்த ஃபைலைச் சரிபார்ப்போம். ஏற்கெனவே ஆழத்தில் இருந்த ஸ்டாக்கில் அந்தப் படிப்பும் சேர்ந்ததும் 24 கிலோபைட் தீர்ந்துவிட்டது.

யார் அதிகம் எடுத்தார்கள் என்று ஆதாரத்தோடு காட்ட முடியும். கடைக்காரருக்கு அது தேவையில்லை. அவருக்குத் தெரிந்தது எங்கள் விளையாட்டைத் திறந்தால் கணினி நிற்கிறது என்பது. சரிபார்க்கும் வேலையை அந்த இடத்தில் செய்யாமல், வரிசையில் போட்டு, முழு ஸ்டாக்கோடு புதிதாகத் தொடங்கும் வேறொரு த்ரெட்டில் செய்யும்படி மாற்றினோம். அதுமுதல் எங்கள் குழுவில் ஒரு விதி: விண்டோஸ் நம்மைக் கூப்பிடும் இடத்தில் குறித்துக்கொள், திரும்பிப் போ. யோசிக்கும் வேலை எல்லாம் வேறு இடத்தில்.

2024 ஜூலை 19-க்குப் பிறகு இந்த எச்சரிக்கைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு டிரைவர் 21-ஆவது மதிப்பைத் தேடியது. அதற்குக் கொடுக்கப்பட்டவையோ 20. எல்லைக்கு வெளியே இருந்த மெமரியைத் தொட்டது. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளில் திரைகள் நீலமாயின. மாற்றப்பட்டது டிரைவர்கூட இல்லை, அது படிக்கும் ஒரு தரவு ஃபைல். ஆன்டிசீட் எழுதும் ஒவ்வொருவரும் அன்று தன் டிரைவர் எந்தெந்தத் தரவு ஃபைலை நம்புகிறது என்று திறந்து பார்த்திருப்பார். நாங்கள் பார்த்தோம்.

நம்பிக்கைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2005-இல் சோனி பிஎம்ஜி இசைத்தட்டுகளில் நகலெடுப்பைத் தடுக்க என்று ஒரு மென்பொருளை மறைத்துவைத்து விற்றார்கள். டாலர் குறி, சிஸ், மறுபடி டாலர் குறி என்று தொடங்கும் பெயருள்ள எந்த ஃபைலையும் அது கணினியில் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். மார்க் ருசினோவிச் அதைக் கண்டுபிடித்து எழுதினார். சில நாட்களில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஏமாற்றுகிறவர்கள் தங்கள் ஃபைலுக்கு அந்த எழுத்துகளைப் பெயராக வைத்து, பிளிசார்டின் வார்டன் என்ற ஆன்டிசீட்டின் கண்ணிலிருந்து ஒளிந்துகொண்டார்கள். பாதுகாப்பு என்று சொல்லி வைத்தது ஏமாற்றுக்கே திரையானது. 2013-இல் ஈஎஸ்ஈஏ என்ற போட்டித் தளத்தின் ஆன்டிசீட்டுக்குள் பிட்காயின் தோண்டும் நிரல் இருந்தது வெளிப்பட்டு, நியூ ஜெர்சி மாநிலத்தோடு 10 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தார்கள். 2020-இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் டிரைவரை 2022-இல் ரான்சம்வேர் கும்பல் ஒன்று எடுத்துப் பயன்படுத்தி ஆன்டிவைரஸ்களை அணைத்தது. அந்தக் கணினிகளில் விளையாட்டு நிறுவப்பட்டிருக்கவே இல்லை. டிரைவரை மட்டும் கையோடு கொண்டுபோயிருந்தார்கள்.

ஆகவே என் தீர்மானம் இது. ஆன்டிசீட் டிரைவர் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அதை எதிரி கையில் கொடுத்தால் என்ன செய்ய முடியும் என்பதே முதல் கேள்வி. மேலிருந்து 'இந்த முகவரியைப் படித்துக் கொடு' என்று கேட்கும் வசதி டிரைவரில் இருக்கவே கூடாது, எங்கள் சொந்த நிரலுக்குக்கூட. ஹேண்டிலைத் தடுப்பது, குறுக்கீட்டைப் பதிவு செய்வது என்று கெர்னலில் மட்டுமே செய்யக்கூடியவற்றை அங்கே வைத்துவிட்டு, பகுப்பாய்வு முழுவதையும் மேலேயோ சர்வரிலோ வைக்க வேண்டும். டிரைவர் சிறியதாக இருந்தால்தான் ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் படித்துச் சரிபார்க்க முடியும். கணினி தொடங்கும்போதே ஏறும் டிரைவர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்வேன். 2020-இல் வாலரன்ட் விளையாட்டுக்காக ரையட் நிறுவனம் வேன்கார்டு என்ற ஆன்டிசீட்டை அப்படிக் கொண்டுவந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஏமாற்று டிரைவருக்குப் பிறகு ஏறுகிற காவல் அது காட்டுவதைத்தான் பார்க்கும். அப்படி ஏறுவதானால், விளையாடாத நேரத்தில் அணைத்துவைக்கும் பொத்தானும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த சுற்று ஏற்கெனவே கணினிக்கு வெளியே போய்விட்டது. மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை ஒன்றைச் செருகி, பிராசஸரைத் தொடாமலே மெமரியைப் படித்து, பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கணினியில் எதிராளிகளைக் காட்டுகிறார்கள். முதல் கணினியில் பிடிக்க எந்த நிரலும் இல்லை. எந்த அட்டை எந்த மெமரியைப் படிக்கலாம் என்று எல்லை வகுக்கும் ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் ஏற்பாடு இதற்கு மருந்து. ஆனால் அது கணினி தொடங்கும் முதல் கணத்திலிருந்தே வேலை செய்ய வேண்டும். சில பெரிய நிறுவனங்களின் மதர்போர்டுகள், அது இயங்குவதாகச் சொல்லிவிட்டுத் தொடக்கத்தில் இயக்காமலே விட்டிருந்ததை ரையட்டின் ஆய்வாளர்கள் 2025 டிசம்பரில் வெளிப்படுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் பயாஸ் புதுப்பிப்புகளை வெளியிட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நிலையான வழி ஒன்று உண்டு, அதில் டிரைவரே இல்லை. அந்த 12 பைட்டை அனுப்பாமல் இருப்பது. எதிராளி உங்கள் பார்வைக்கு வரப்போகிறாரா என்று சர்வரே கணக்கிட்டு, வரும் தறுவாயில் மட்டும் இருப்பிடத்தைச் சொல்வது. வாலரன்ட் இதைத் தொடக்கத்திலிருந்தே செய்கிறது. சர்வருக்குச் செலவு அதிகம். கணக்கு கொஞ்சம் பிசகினால் எதிராளி வெற்று வெளியில் திடீரென முளைப்பார். அதனால் பல நிறுவனங்கள் சர்வரில் செலவு செய்யத் தயங்கி, எங்களிடம் டிரைவர் கேட்கின்றன. விளையாட்டை வடிவமைக்கும் முதல் மாதத்திலேயே பாதுகாப்புக் குழுவைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இல்லாத ரகசியத்தை யாரும் திருட முடியாது. எவ்வளவு அருமையான டிரைவரும் இருக்கும் ரகசியத்தைக் கொஞ்ச காலம்தான் காக்கும்.

விளையாடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. செக்யூர் பூட்டையோ, மெமரி இன்டக்ரிட்டியையோ, ஆன்டிவைரஸையோ அணைக்கச் சொல்லும் எதையும் நிறுவாதீர்கள். காசு கொடுத்து வாங்கும் ஏமாற்று மென்பொருள் கேட்கும் முதல் காரியமே அதுதான், பின்னால் உங்கள் கடவுச்சொற்களும் போகலாம். வண்ண விளக்கு மென்பொருள் தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள். ஒரு விளையாட்டை அழித்த பிறகு கமாண்ட் பிராம்ப்டில் டிரைவர்குவெரி என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். அதனுடைய டிரைவர் இன்னும் பட்டியலில் இருந்தால் நிறுவனத்துக்கு எழுதி, ஏன் என்று கேளுங்கள். அந்தக் கடிதங்கள் எங்கள் குழுவுக்கு வந்து சேர்கின்றன. நாங்கள் அவற்றைப் படிக்கிறோம்.